பழகுதலும் பாதுகாப்பும்: கல்லூரிகளில் வன்முறைத் தடுப்புப் பணி

பூந்தமல்லியைக் கடந்து செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமாக மேற்கு நோக்கிச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில், தண்டலம் தொடங்கிச் சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே திரும்பினால் ஒரகடம் வரையிலும், கடந்த முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்துள்ள மாறுதலைப் பொருளாதார நோக்கில் ஆராய்ந்து எழுதியவர்கள் பலர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்ததும், ஒரகடத்தில் ரெனோ-நிஸான் வந்ததும், இப்பகுதி இந்தியாவின் டெட்ராய்ட் என்று புகழப்படுவதும் எல்லோரும் அறிந்த வரலாறு. ஆயினும் அதே காலத்தில், அதே சாலையின் இருமருங்கிலும், ராஜலட்சுமி பொறியியற் கல்லூரி, சவீதா மருத்துவ, பொறியியற் கல்லூரிகள் முதலிய ஸ்தாபனங்கள் எழுந்து, பதினெட்டு வயதை அப்போதுதான் எட்டிய ஆண்களும் பெண்களும் பெற்றோரின் கண்பார்வைக்கு அப்பால் முதன்முறையாக அருகருகே வாழும் ஒரு பிரதேசமாகவும் இது ஆகியிருக்கிறது என்ற உண்மை அவ்வளவாகச் சிந்திக்கப்படவில்லை. அவர்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பழகுவது, விருப்பத்தை எப்படித் தெரிவிப்பது, மறுப்பை எப்படி ஏற்பது, ஒருவர் மற்றவரை அடக்கவோ அச்சுறுத்தவோ முற்படும்போது உடனிருப்பவர் யாது செய்வது என்ற கேள்விகளுக்கு விடை கற்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

இதனை ஒரு சிறிய விஷயமாகக் கருத இயலாது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் தம் கணவரின் வன்முறையை என்றேனும் அனுபவித்தவர்கள். ஆகவே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களில் கணிசமானோர், அடியும் வசவும் இல்லறத்தின் இயல்பான அங்கம் என்று கண்கூடாகப் பார்த்து வளர்ந்தவர்கள் என்றே கொள்ள வேண்டும். வீட்டில் கற்றதைத் திருத்தி எழுதக்கூடிய கடைசி இடம், பலருக்கு, கல்லூரிதான். 2021-22ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழகத்தில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47ஐ எட்டியது. நாட்டின் சராசரியோ 28.4 மட்டுமே. தம் குலத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதிக்கும் பெண்கள் இவ்வளவு பெருந்தொகையினராக வரும் ஒரு மாநிலத்தில், அவர்கள் அச்சமின்றிப் படிப்பை முடிப்பதற்கான ஏற்பாடு கல்வியின் புறத்தே நிற்கும் அலங்காரமாக இருக்க முடியாது.

இவ்விஷயத்தில் தமிழகம் உறங்கிக்கொண்டிருந்தது என்று சொல்வதற்கில்லை. 1996ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவனால் கொல்லப்பட்ட கொடுமை நாட்டையே நடுங்கச் செய்ததன் பயனாக, 1997இல் பகடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டே, சென்னையில் ஒரு கல்லூரி மாணவி தெருவில் ஆண்களின் தொல்லையால் உயிரிழந்தபின், 1998ஆம் ஆண்டின் பெண்களுக்குத் தொல்லை விளைவித்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. இரண்டும் அக்காலத்தில் முன்மாதிரியான சட்டங்களே. இரண்டும் ஒரு மரணத்துக்குப் பின் எழுந்தவை என்பதையும், தண்டனையையே முதற்பரிகாரமாக நம்பியவை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அந்த நம்பிக்கை பின்வந்த கால் நூற்றாண்டிலும் மாறவில்லை. ஒரு கொடிய சம்பவம், ஊரெங்கும் கொந்தளிப்பு, கடுமையான புதிய பிரிவு, பிறகு நெடிய மௌனம் என்ற வரிசையே திரும்பத் திரும்ப நிகழ்ந்து வந்திருக்கிறது.

இவற்றுக்கிடையே 1997 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த விசாகா வழக்கில் வகுத்த நெறிமுறைகள் வேறொரு பாதையைத் திறந்தன. நிர்வாகமே தன் எல்லைக்குள் ஒரு குழுவை அமைத்து, முறையீட்டைக் கேட்டு, தடுப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற தத்துவம் அதில்தான் நிலைபெற்றது. அதுவே 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாயிற்று. கல்லூரிகளுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு வகுத்து 2016 மே மாதம் அறிவிக்கையாக வெளியிட்ட விதிகளோ, நான் படித்த அரசாங்க விதிகளுள் விசாலமான நோக்குடையவை என்று தயங்காமல் சொல்வேன். உள்ளகப் புகார்க் குழுவுக்கு ஒரு மூத்த பெண் ஆசிரியர் தலைமை ஏற்க வேண்டும். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத ஊழியர் இருவர், வெளியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கானால், ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகளும் அமர வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்ற அதிகாரப் பதவியினர் உறுப்பினராகக் கூடாது. ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் துன்புறுத்தலுக்கு ஆளாகக்கூடும் என்பதை இவ்விதிகள் மறைக்காமல் ஒப்புக்கொள்கின்றன. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர் விடுதியில் இல்லாத கட்டுப்பாடுகளை மாணவியர் விடுதியில் சுமத்தலாகாது என்றும் கூறுகின்றன. இந்தக் கடைசி வாக்கியத்தை நம் விடுதிக் காப்பாளர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

விதியின் விசாலம் ஒருபுறமிருக்க, நடைமுறை எப்படிப்பட்டது என்பதற்கு உச்சநீதிமன்றத்தின் வாக்கே சாட்சி. கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மீதான விசாரணை சம்பந்தமாக 2023 மே மாதம் வழங்கிய தீர்ப்பில், சட்டம் வந்து பத்தாண்டுகளாகியும் அதன் அமலாக்கத்தில் பெருங்குறைகள் இருப்பதைக் கண்டு நீதிமன்றம் வருந்தியது; மீண்டும் 2024 டிசம்பரில், மாவட்ட அலுவலர்களை நியமிப்பது போன்ற அடிப்படைக் காரியங்களுக்கே காலக்கெடு விதிக்க நேர்ந்தது. நம் மாநிலத்தில், 2023ஆம் ஆண்டு சென்னைக் கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரியின் மாணவியர் தெருவுக்கு வராத குறையாக வளாகத்தில் அமர்ந்து போராடிய பின்னரே அவர்களது பாலியல் துன்புறுத்தல் முறையீடு ஊர் அறிய விசாரிக்கப்பட்டது. ஒரு குழு பெயரளவில் இருப்பதற்கும், ஒரு மாணவி நம்பிக்கையோடு அதன் கதவைத் தட்டுவதற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு நெடியது.

அந்தத் தூரத்தின் காரணத்தை ஆராய்வதற்கு, அண்மைக்கால வழக்குகள் இரண்டை உற்றுநோக்குவது அவசியம். 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தினுள் ஒரு மாணவி தன் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது, வெளியாள் ஒருவன் வந்து, அவர்களைப் படம் எடுத்துவிட்டதாகவும் அதைக் கல்லூரிக்குக் காட்டிவிடுவதாகவும் மிரட்டி, நண்பரை அப்புறப்படுத்திவிட்டு அப்பெண்ணைத் துன்புறுத்தினான். 2025 ஜூன் மாதம் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் சிறை விதித்தது. பொள்ளாச்சியிலோ, சமூக ஊடகங்களின் மூலம் பெண்களோடு நட்பு ஏற்படுத்திக்கொண்டு, அவர்களைக் காணொளியில் பதிவுசெய்து, அதைக் காட்டியே மீண்டும் மீண்டும் அச்சுறுத்திய ஒரு கூட்டம், 2019இல் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுக்கும் வரையில் பிடிபடவில்லை. 2025 மே 13ஆம் நாள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு வழக்குகளிலும் குற்றவாளியின் கையில் இருந்த பிரதான ஆயுதம் கத்தியன்று. ஓர் ஆணும் பெண்ணும் பழகினார்கள் என்பது வெளியே தெரிந்தால் பெண்ணின் வாழ்வு முடிந்துவிடும் என்ற நம் எல்லோருடைய எண்ணமே அந்த ஆயுதம். இரண்டு வழக்குகளிலும், புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை மறைத்துக் காக்க வேண்டிய அரசின் கைகளே அதை வெளியே சிந்தவிட்டன என்பதும், அதற்காக இழப்பீடு கொடுக்குமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது என்பதும் இந்த எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதைக் காட்டும். அண்ணா பல்கலைக்கழக வழக்கில், முதல் தகவல் அறிக்கையின் வாசகமே பாதிக்கப்பட்ட பெண்ணைக் குறைகூறும் தோரணையில் இருந்ததை நீதிபதிகள் கண்டித்தார்கள்.

இந்நிலையில், நம் கல்லூரி நிர்வாகங்களுள் பல கைக்கொள்ளும் பரிகாரம் யாது? பேருந்தில் பெண்கள் முன்பாதியிலும் ஆண்கள் பின்பாதியிலும் அமரச் செய்வது; மாடிப்படியைப் பிரிப்பது; சிற்றுண்டிச்சாலையில் இருவர் ஒரு மேசையில் அமர்ந்தால் அடையாள அட்டையைப் பறித்துக்கொள்வது; எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்துவிடுவது. இவற்றைச் செய்வோர் தீய நோக்குடையவர் அல்லர்; கிராமத்திலிருந்து வந்து, மகளை ஒப்படைத்துவிட்டு, இனி உங்கள் பொறுப்பு என்று கைகூப்பிச் செல்லும் தகப்பனாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். எனினும் அதன் விளைவைப் பார்க்க வேண்டும். பழகுவதே குற்றமானால், பழகியபின் நேர்ந்த கொடுமையைப் பற்றிப் புகார் கொடுக்க வருபவள் முதலில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். அவளுடைய தகப்பனாருக்குத் தகவல் போகும், அவர் வருவார், படிப்பு நிற்கும், பெரும்பாலும் விரைவில் ஒரு விவாகம் நடக்கும். துன்புறுத்தியவன் தேர்வெழுதிப் பட்டம் பெறுவான். இவ்வாறு முடியும் என்று முன்கூட்டியே உணர்ந்த பெண் வாய் திறப்பாளென்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதமின்றிப் பெற்றோருக்கு அறிவிப்பதில்லை என்ற உறுதியை ஒரு கல்லூரி எழுத்து மூலம் கொடுக்குமானால், அது நூறு காவற் கேமராக்களைவிடப் பயன்தரும் என்பது என் அபிப்பிராயம்.

இங்கே சாதியைப் பற்றிப் பேசாமல் மேலே செல்வது நேர்மையாகாது. 2015இல், தன்னோடு படித்த வேறு சாதித் தோழியுடன் திருச்செங்கோட்டுக் கோயிலில் பேசிக்கொண்டிருந்த குற்றத்துக்காகப் பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு மார்ச்சில், காதலித்து மணந்துகொண்ட பொறியியல் மாணவர் ஒருவர் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டி வீழ்த்தப்பட்டார். கல்லூரியில் தோன்றும் ஒரு நட்பு இங்கே உயிரைக் கேட்கும் விஷயமாக மாறக்கூடும். மேல்நாட்டிலிருந்து நல்லுறவுப் பாடத்திட்டம் ஒன்றை வரவழைத்து மொழிபெயர்த்து வைப்பதால் மட்டும் நமக்குப் பயனில்லாமல் போவதற்கு இதுவே காரணம். அத்திட்டங்களில் ஆண், பெண் உண்டு, மது உண்டு, சம்மதம் உண்டு, சாதி இல்லை. நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியால் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்கள் 2024 ஜூனில் அளித்த அறிக்கை மாணவரிடையே சாதி வன்முறையைத் தடுக்கும் வழிகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. அதையும் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகளையும் வெவ்வேறு கோப்புகளில் வைத்துக்கொண்டு, வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு நாட்களில் கூட்டம் நடத்துவது, ஒரே நோயின் இரு பாதிகளுக்குத் தனித்தனியே மருந்து தேடுவதாகும்.

மேல்நாட்டு அனுபவத்தில் நாம் கொள்ளத்தக்கது எது என்பதையும் பார்ப்போம். அமெரிக்காவில், பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் தடுப்புக் கல்வி அளிக்க வேண்டும் என்று 2013இல் சட்டமே வந்துவிட்டது. அதனால் வன்முறைத் தடுப்புக்கும் நல்லுறவுக் கல்விக்குமென முழுநேர அலுவலர் பல வளாகங்களில் உண்டு. ஆயினும் எல்லாத் திட்டங்களும் பலித்தனவா என்றால், இல்லை. 2014இல் 140 மதிப்பீடுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், நடத்தையில் மெய்யான மாற்றத்தை உறுதியாகக் காட்டியவை மூன்றே என்று கண்டார்கள். ஒரு மணி நேரச் சொற்பொழிவு, ஒரு குறும்படம், ஓர் உறுதிமொழி ஆகியவற்றால் அறிவு சிறிது கூடுகிறது, நடத்தை மாறுவதில்லை. மகளிர் தினமான மார்ச் 8ஆம் நாள் விருந்தினரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி, புகைப்படத்தை அங்கீகாரக் குழுவுக்கான கோப்பில் சேர்த்துவிடும் நம் வழக்கத்தை இந்த முடிவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தொகுப்பாய்வுக்குப் பின் பலித்ததாகத் தெரியவந்தவற்றுள் இரண்டு நம் கவனத்துக்கு உரியவை. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறை, துன்புறுத்துவோனையோ துன்புறுவோரையோ அன்றி, அருகில் நிற்பவரைப் பயிற்றுவிக்கிறது: நேரே தலையிடுவது, வேறொருவரை அழைப்பது, பேச்சைத் திசைதிருப்பிக் கலைத்துவிடுவது என்று மூன்று வழிகளை அது கற்பிக்கிறது. 26 உயர்நிலைப் பள்ளிகளில் அதைப் பல ஆண்டுகள் சோதித்தபோது, மூன்றாம், நான்காம் ஆண்டுகளில்தான் வன்முறை குறைந்ததாகத் தெரிந்தது. பொறுமையற்ற நிர்வாகம் எதுவாயினும் இரண்டாம் ஆண்டிலேயே அதைக் கைவிட்டிருக்கும். மற்றொன்று கனடாவின் விண்ட்சர் பல்கலைக்கழகத்தில் சார்லின் சென் என்ற உளவியல் பேராசிரியை உருவாக்கியது. விண்ட்சர், டெட்ராய்ட்டுக்கு எதிரே ஆற்றின் மறுகரையில் இருக்கும் மோட்டார்த் தொழில் நகரம். இந்த நெடுஞ்சாலையிலேயே இருக்கும் நம் ஸ்ரீபெரும்புதூருக்கு ஒருவகையில் உறவினர் என்றே சொல்லலாம். முதலாண்டு மாணவியர் 893 பேரைக் கொண்டு மூன்று பல்கலைக்கழகங்களில் நடந்த சோதனையின் முடிவு 2015இல் வெளியாயிற்று. மும்மூன்று மணி நேரமாக நான்கு அமர்வுகள், ஆக மொத்தம் பன்னிரண்டு மணி நேரம், அவ்வளவே. துண்டுப் பிரசுரம் மட்டும் பெற்றவருள் ஓராண்டில் நூற்றுக்கு 9.8 பேர் பலாத்காரத்துக்கு ஆளாகியிருக்க, பயிற்சி பெற்றவருள் அது 5.2 ஆகக் குறைந்தது. ஆபத்து பெரும்பாலும் அறிமுகமானவரிடமிருந்தே வருகிறது, தெரிந்தவரிடம் மறுத்துப் பேசுவதற்குத் தடையாக இருப்பது நம் மனக்கூச்சமே, தான் விரும்புவது எது என்று அறிந்தவளால்தான் விரும்பாததைத் தயங்காமல் மறுக்க முடியும் என்பவை அதன் அடிப்படைகள். நம் ஊரில் இந்த மூன்றாவது அடிப்படையை வகுப்பறையில் சொல்லத் துணிவதற்கு ஒரு நல்ல ஆசிரியை வேண்டும். அவருக்குப் பின்னால் அசையாத ஒரு நிர்வாகமும் வேண்டும்.

பெண்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டால், தடுக்கும் பாரமும் அவர்கள் தோளிலேயே விழுந்துவிடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியில் ஆண், பெண் இருபாலருக்கும் இரண்டரை ஆண்டுக் காலம் பால் சமத்துவ வகுப்புகள் நடத்தி ஆராய்ந்தபோது, மனப்பான்மை மாறியதோடு, நடத்தையில் சிறுவர்களிடமே அதிக மாறுதல் தென்பட்டது. வகுப்புகள் முடிந்து ஈராண்டு கழித்தும் அம்மாறுதல் அழியவில்லை. ஆண்பிள்ளைகள் திருந்தமாட்டார்கள் என்ற பேச்சு சோம்பலின் பேச்சு. மறுப்பை அவமானமாகக் கருதாமல் தாங்கிக்கொள்ளும் பக்குவத்தை அவர்களுக்கு யாரும் இதுவரை கற்பிக்கவில்லை என்பதே உண்மை. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2013 முதல் தனிக்குற்றம். ஆயினும் விடாமல் பின்தொடர்வதையே அன்பின் அடையாளமாகத் திரைப்படங்களிலிருந்து பயின்ற ஓர் இளைஞன், சட்டப் பிரிவின் எண்ணைக் கேட்டு மனம் மாறுவதில்லை. தன்னைப் போன்ற மற்றோர் இளைஞன் எதிரே அமர்ந்து அதைப் பற்றித் திறந்து பேசும்போது மாறக்கூடும்.

இவற்றையெல்லாம் முன்னின்று நடத்துவது யார் என்ற கேள்விக்கு வந்து சேர்கிறோம். இன்றுள்ள ஏற்பாட்டில், வாரம் பல மணி நேரம் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டிய ஒரு பேராசிரியையின் தலையில் இது கூடுதல் பொறுப்பாக ஏற்றப்படுகிறது. புகாரை விசாரிப்பவரும் அவரே. தடுப்புக் கல்வி நடத்துபவரும் அவரே. அழும் பெண்ணுக்கு ஆறுதல் சொல்பவரும் அவரே. விசாரிப்பவர் இரு தரப்புக்கும் நடுநிலையாக நிற்கக் கடமைப்பட்டவர்; ஆறுதல் சொல்பவரோ ஒருவர் பக்கம் நிற்கக் கடமைப்பட்டவர். இந்த இரு தர்மங்களும் ஒருவரிடத்தில் முரணின்றி வாழ இயலாது. ஆகவே தடுப்புக்கும் நல்லுறவுக் கல்விக்குமென்று, பாடச்சுமை இல்லாத, துறைத் தலைவருக்குக் கீழ்ப்படாத, குறைந்தது ஐந்தாண்டு நிலையான ஒரு தனி அலுவலர் வேண்டும். அவருக்கு உளவியலிலோ சமூகப்பணியிலோ தேர்ச்சியும், மாணவர் பேசும் தமிழில் பேசும் இயல்பும் இருத்தல் நலம். அவரோடு ஊதியம் பெறும் மாணவத் துணைவர்கள், ஆணும் பெண்ணுமாக, வெவ்வேறு சமூகங்களிலிருந்து வர வேண்டும். சென்னையில் 2001 முதல் குடும்ப வன்முறைக்கு ஆளானோரிடையே தொண்டாற்றிவரும் பி.சி.வி.சி. போன்ற அமைப்புகளின் அனுபவம் பயிற்சிக்குக் கைகொடுக்கும். 1993 முதல் ஸ்ரீபெரும்புதூரிலேயே இயங்கிவரும் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இப்பகுதிக் கல்லூரிகளின் அலுவலர்களைப் பயிற்றுவிக்கும் பொதுக்களமாகலாம். பொறியியற் கல்லூரிகளில் முதலாண்டின் தொடக்கத்தில் மூன்று வார அறிமுகக் காலம் ஏற்கெனவே இருக்கிறது. விண்ட்சரின் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அதில் இடம் காண்பது அரிதன்று.

தண்டலம் சாலைக்கே உரிய மற்றொரு சிக்கல் உண்டு. இங்கே கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் இடையே சுவர் இல்லை. இறுதியாண்டு மாணவி மூன்று மாதம் பயிற்சிக்காக ஒரகடத்து ஆலைக்குச் செல்கிறாள். பட்டயம் பெற்றவன் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்கிறான். ஆலையின் மேற்பார்வையாளர் அந்த மாணவியைத் துன்புறுத்தினால் எங்கே முறையிடுவது? கல்லூரி ஆலையைக் காட்டும். ஆலை, அவள் எங்கள் ஊழியரல்லள் என்று கல்லூரியைக் காட்டும். சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது: 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊழியர் என்பதில் பயிற்சியாளரும் தொழில் பழகுநரும் அடங்குவர், மானியக் குழுவின் விதிகளில் வளாகம் என்பதில் கல்விச் சுற்றுலா, பயிற்சியிடம், போய்வரும் பேருந்து யாவும் அடங்கும். அதாவது, இரு கதவுகளும் அவளுக்குத் திறந்திருக்க வேண்டியவை. பயிற்சிக்கான ஒப்பந்தத்திலேயே, இரு குழுக்களின் தலைவர் பெயரையும் குறித்து, மாணவியின் கையில் ஒரு பிரதி கொடுத்துவிட்டால் இச்சிக்கல் பாதி தீரும்.

2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்துச் சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையில் அமர்ந்த ஆலைப் பெண்கள் இதே மாணவியரின் வயதினர். பலர் அவர்களுடைய அக்காள் தங்கையர். 2024 ஆகஸ்டில் இப்பகுதியிலுள்ள வல்லம் வடகாலில் ஆலைப் பெண்கள் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது. பல கல்லூரிகளின் மாணவர் தொகையையும் விஞ்சும் அத்தொகைக்கு நல்லுறவுக் கல்வியென்று எதுவும் வகுக்கப்படாமலிருப்பது முறையன்று. கல்லூரிகளில் பயிற்சி பெற்ற மாணவத் துணைவர்கள் அங்கே சென்று அமர்வுகள் நடத்தலாம்; குறித்த கால இடைவெளியில் ஊழியருக்கு விழிப்புணர்வுப் பயிலரங்கு நடத்தும் கடமையைச் சட்டமே முதலாளிக்கு விதித்திருப்பதால், அதற்காகும் செலவை ஆலைகளிடம் கேட்பதில் தவறில்லை. அமர்வுக்குச் செல்லும் நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிட்டுக் கூலி தர வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். இரவு ஷிப்டில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்த பெண்ணின் உறக்கத்தில் கைவைத்து நடத்தும் வகுப்புக்கு அவள் வரமாட்டாள்.